கறுமுறு ஓய்ந்த புல்வெளி

ஒரு காட்டில், ஓடைக்கும் குன்றுக்கும் நடுவே, அகன்ற புல்வெளி ஒன்று இருந்தது. குழந்தைகளே, கதைக்குள் செல்லுமுன் அந்தப் புல்வெளியைப் பற்றிச் சில செய்திகளை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அங்கே வளர்ந்த புல் ஆண்மானின் கொம்பையும் மறைக்கும் உயரம் உடையது. உள்ளே இறங்கி மேயும் விலங்குக்குத் தன் மூக்கின் முன்னால் இருக்கும் புல் தெரியும். பக்கத்தில் மேயும் விலங்கு தெரியாது.

ஆகையால், அங்கே மேய்ந்த விலங்குகள் யாவும் ஓசை எழ மென்று உண்ணும் வழக்கம் கொண்டிருந்தன. அந்த ஓசைக்கு அவை இட்ட பெயர் கறுமுறு. ‘நான் இங்கே இருக்கிறேன், என் அருகில் அச்சம் எதுவும் இல்லை’ என்பது அதன் பொருள். ஒரு விலங்கின் கறுமுறு கேட்டால் மற்றொன்றின் கறுமுறு அதற்கு விடை சொல்லும். எங்கேனும் ஒன்று சட்டென்று நின்றால் எல்லாத் தலைகளும் நிமிரும். நின்ற இடத்துக்கு எதிர்த்திசையில் எல்லாக் கால்களும் பாயும். தண்ணீர் குடிக்கப் போகும் விலங்கு, “நான்தான், ஓடைக்குப் போகிறேன்” என்று அறிவித்துவிட்டே வாயை நிறுத்த வேண்டும். அறிவிக்காமல் தும்மிய முயல் ஒன்றால் புல்வெளி முழுவதும் ஒரு நொடியில் காலியானதும் உண்டு.

காலையில் சந்தித்துக்கொள்ளும்போது அந்த விலங்குகள் ‘நலமா?’ என்று கேட்பதில்லை, ‘கறுமுறு உண்டா?’ என்றே கேட்கும். ‘உண்டு’ என்பது விடை. சண்டையிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட இரு விலங்குகளைப் பற்றி, ‘அவற்றுக்குள் கறுமுறு இல்லை’ என்று சொல்லும்.

கடைசிச் செய்தி இது. குன்றின் குகையில் ஒரு சிறுத்தை வாழ்ந்தது. அந்தப் புல்வெளியில் அதற்கு ஒரு வேளை இரைகூடக் கிடைத்ததில்லை. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

இனிக் கதைக்குள் செல்வோம்.

அந்தப் புல்வெளியில் ஒயிலி என்னும் பெண்மான் தன் குட்டி மருதியுடன் மேய்ந்து வந்தது. ஒயிலி எதையும் நேர்த்தியாகச் செய்யும். நடந்தால் சருகு நொறுங்காது. ஓடையில் குடித்தால் நீர் கலங்காது. ‘ஒயிலியைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்’ என்று மற்ற மான்கள் தம் குட்டிகளுக்குச் சொல்வதை அது கேட்டும் கேளாததுபோல் இருந்துகொள்ளும்.

ஒருநாள் காலை, ஓடையில் நீர் அருந்திக்கொண்டிருந்த ஒயிலியின் எதிரே ஒரு நரி வந்து அமர்ந்தது. அதன் பெயர் நயவன். அது இலந்தைப் புதரிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, வாயை மூடி, ஓசையே இல்லாமல் மென்று, கொட்டையை இலையின்மேல் மெதுவாக வைத்தது.

“அம்மணி,” என்றது நயவன், “உங்கள் நடையைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வழியாக வருகிறேன்.”

“வழி எல்லோருக்கும் பொது,” என்றது ஒயிலி. ஆயினும் கழுத்தைச் சற்றே நிமிர்த்திக்கொண்டது.

“ஒன்று சொல்லலாமா? சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.”

“சொல்லிவிட்டுப் போ.”

“நேற்றுப் புல்வெளி ஓரமாக நடந்தேன். உள்ளே யாரோ மென்றுகொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றி உழவன்தான் என்று எண்ணி, ‘உழவரே, வயிறு நிறைந்ததா?’ என்று கேட்டேன். புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது நீங்கள்.”

ஒயிலியின் காதுகள் தாழ்ந்தன. “நீ கேட்டது என் காதில் விழவில்லையே.”

“எப்படி விழும்? அத்தனை ஓசை.” நயவன் வருத்தத்துடன் தலையை ஆட்டியது. “மலைக்கு அப்பால் உள்ள காட்டில் மான்கள் வாயை மூடித்தான் மெல்லும். அங்கே உங்களைப் போன்ற அழகுடைய மான் ஒன்றுகூட இல்லை. இருந்தும் அவற்றின் அடக்கத்தைப் பார்க்க வேண்டுமே.”

“கறுமுறு எங்களுக்குக் காவல். அது நின்றால் சிறுத்தை வந்துவிடும்.”

“காவலுக்குக் கண் போதாதா? அதோ அந்த மேட்டின்மேல் ஏறி நின்றால் புல்வெளி முழுவதும் தெரிகிறது. எனக்கு வேறு வேலையும் இல்லை. சிறுத்தையின் வால்நுனி தெரிந்தாலும் ஊளையிடுகிறேன், நீங்கள் ஓடிவிடுங்கள். பன்றியைப் போல் மென்றுதான் உயிர் வாழ வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?”

அன்று முற்பகல் மேயும்போது ஒயிலி தன் வாயின் ஓசையை முதன்முறையாகத் தானே கவனித்துக் கேட்டது. கேட்கக் கேட்க அதற்குக் கூச்சமாக இருந்தது.

நண்பகலில் விலங்குகள் நாவல் மரத்தின் நிழலில் கூடின. ஒயிலி நரியின் யோசனையைத் தன் யோசனையாகவே எடுத்துச் சொன்னது. மான்கள் ஒன்றையொன்று பார்த்தன. ஒயிலி சொன்னால் அதில் பிழை இராது என்பது அவற்றின் எண்ணம்.

“மேட்டில் நிற்பது நரியா?” என்று கேட்டது முயல் செவியன். எதற்கும் முதலில் அஞ்சுவது அதன் இயல்பு.

“நரிக்குக் கண் கூர்மை. அது பழம் தின்பதை நானே பார்த்தேன்,” என்றது ஒயிலி.

அப்போது உழவன் அங்கே வந்தது. அது கொழுத்த காட்டுப்பன்றி. மண்ணைக் கிளறிக் கோரைக்கிழங்கு எடுப்பதில் அதற்கு இணை இல்லாததால் அந்தப் பெயர். வாய் நிறையக் கிழங்குடன், சளக் சளக் என்று மென்றபடியே அது கேட்டது: “எதைப் பற்றிப் பேச்சு, தங்கச்சி? எனக்கும் சொல்.”

“இதைப் பற்றித்தான், அண்ணா,” என்றது ஒயிலி. “இனி நாம் வாயை மூடி மெல்லப்போகிறோம்.”

“மூடினால் எப்படி உள்ளே போகும்?”

“உள்ளே போன பிறகு மூட வேண்டும்.”

உழவன் அதையும் முயன்று பார்த்தது. அதன் தந்தங்கள் இரண்டும் உதடுகளைச் சேரவிடவில்லை. இழுத்துப் பிடித்து மூடியபோது மூக்கின் வழியாகச் சேற்றுக்குமிழி ஒன்று எழுந்து, பெருத்து, உடைந்தது. மருதி சிரித்தது. அதைக் கண்டு எல்லா விலங்குகளும் சிரித்தன. உழவனும் சேர்ந்து சிரித்தது.

ஒயிலி மட்டும் சிரிக்கவில்லை. “முடியாதவர்கள் ஓடைக்கு அப்பால் பாறை மறைவில் போய் உண்ணலாமே, அண்ணா. அங்கேயும் கிழங்கு இருக்கிறது,” என்றது.

சிரிப்பு அடங்கியது. உழவன் வாயிலிருந்த கிழங்கை விழுங்கிவிட்டு, “கிழங்கு இருக்கிறது. கேட்க ஆள் இருக்காது,” என்றது. பிறகு, “பரவாயில்லை, தங்கச்சி. உன் விருப்பம்,” என்று சொல்லி, ஓடையைக் கடந்து போயிற்று.

மறுநாள் முதல் புல்வெளியில் கறுமுறு ஓய்ந்தது.

தொடக்கத்தில் ஒயிலிக்கு அது இனிமையாக இருந்தது. காற்று புல்லை வருடும் ஓசை கேட்டது. தும்பியின் சிறகோசைகூடக் கேட்டது. மேட்டின்மேல் நயவன் நிமிர்ந்து நின்றது. ‘இதுவல்லவா ஒழுங்கு’ என்று ஒயிலி எண்ணிக்கொண்டது.

ஆனால், சில நாளில் ஒன்று புரியத் தொடங்கியது. முன்பெல்லாம் மருதி எங்கே மேய்கிறது என்று ஒயிலி தேடியதே இல்லை. நுறுக் நுறுக் என்ற சின்னக் கறுமுறு, இடப்பக்கமோ வலப்பக்கமோ, கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினாலும் புல்தான் தெரிந்தது. ஒரு பிடி புல், ஒரு பார்வை. மறுபடி ஒரு பிடி, மறுபடி ஒரு பார்வை. பொழுது சாய்ந்தும் வயிறு நிறையவில்லை. மற்ற மான்களின் விலா எலும்புகளும் தெரியத் தொடங்கின. செவியனோ உண்பதையே விட்டுவிட்டு, வளைக்கும் புல்லுக்குமாக அலைந்துகொண்டிருந்தது.

“வரவர இளைத்துப் போகிறாயே, செவியா,” என்றது ஒயிலி.

“உண்ணும்போது நான் தனியாக இருக்கிறேனா, கூட்டத்தில் இருக்கிறேனா என்றே தெரியவில்லை, அக்கா,” என்றது முயல்.

பழைய வழக்கத்துக்கே திரும்பலாம் என்று சொல்ல ஒயிலியின் நாக்கு எழுந்தது. சொன்னால் தன் பேச்சுக்கு இருந்த மதிப்பு என்னாகும் என்ற எண்ணம் அதைத் தடுத்தது. அது வேறு பக்கம் மேயப் போய்விட்டது.

ஒரு பிற்பகல். காற்று நின்றுவிட்டிருந்தது. புல்நுனிகள் அசையாமல் வெயிலில் நின்றன. ஒயிலி ஓடைக்கரைத் திட்டில் ஏறி நின்று மேட்டைப் பார்த்தது.

மேட்டில் நரி இல்லை.

ஒயிலியின் கண்கள் புல்வெளியின் மேல் ஓடின. குன்றின் பக்கம், காற்றே இல்லாத வேளையில், புல்நுனிகள் ஒரு கோடாகப் பிரிந்தன, மறுபடி மூடின. சற்றுத் தள்ளி மீண்டும் பிரிந்தன. ஏதோ ஒன்று வயிறு தரையில் பட ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

‘மருதி எங்கே?’

அழைத்தால் மருதி ‘அம்மா’ என்று விடை கொடுக்கும். அந்த ஒற்றைக் குரலைக் குறிவைத்துச் சிறுத்தை பாய்ந்துவிடும். அழைக்காமல் ஓடினால் தான் மட்டும் தப்பலாம். மருதி உள்ளேயே நிற்கும். தேடிப் போகலாம் என்றால் எந்தப் பக்கம் போவது? ஒயிலி ஓசைப்படாமல் பின்வாங்கி, ஓடையை ஒரே தாவலில் கடந்து, பாறை மறைவுக்குப் போயிற்று.

அங்கே உழவன் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

“அண்ணா, அக்கரைக்கு வந்து மெல்லுங்கள்,” என்றது ஒயிலி.

உழவன் நிமிர்ந்து பார்த்தது. “அன்றைக்குப் போ என்றாய். இன்றைக்கு வா என்கிறாய். நாளைக்கு என்ன சொல்வாய் என்பதையும் இப்போதே சொல்லிவிடு, தங்கச்சி. நடக்கிற வேலை மிச்சமாகும்.”

“சிறுத்தை புல்லுக்குள் இருக்கிறது. மருதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.”

உழவன் கிடந்த கிழங்குகளையெல்லாம் வாரி வாயில் அடைத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. கரையேறிய இடத்திலேயே நின்று, தலையை உயர்த்தி மெல்லத் தொடங்கியது.

சளக் சளக். கடக். சளக் சளக்.

அந்த ஓசை புல்வெளியின் மறுகோடி வரை சென்றது. ஆனால், விடை எழவில்லை. உள்ளே நின்ற விலங்குகளுக்கு அது கேட்டது. விடை கொடுக்க அவற்றின் வாய் துடித்தது. ஒயிலியின் காதில் விழுந்தால் என்ன நினைக்குமோ என்று அவை அடக்கிக்கொண்டன.

ஒயிலிக்கு அது விளங்கிவிட்டது. அது உழவனின் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பெரிய பிடி முற்றிய புல்லைக் கடித்து இழுத்தது. வாயை அகலத் திறந்து, கன்னம் இரண்டும் உப்ப, எச்சில் வழிய, தன் வாழ்நாளில் மென்றிராத ஓசையுடன் மென்றது.

கறுக் முறுக். கறுக் முறுக்.

“அடேயப்பா,” என்றது உழவன், வாய் நிறையக் கிழங்குடன். “எனக்கே கூச்சமாக இருக்கிறது, தங்கச்சி.”

“பேசாமல் மெல்லுங்கள், அண்ணா.”

முதலில் இடப்பக்கத்திலிருந்து செவியனின் நறுக் நறுக் எழுந்தது. பிறகு நாவல் மரத்தடியில் ஒரு மான், அதற்கு அப்பால் மற்றொன்று. பிறகு வலப்பக்கம், கறையான் புற்றின் அருகே, மெல்லியதாக ஓர் ஓசை:

நுறுக் நுறுக்.

ஒயிலியின் மூச்சு திரும்பியது. ‘இருக்கிறாள்.’

இதற்குள் புல்வெளியின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கறுமுறு எழுந்துவிட்டது. பல நாள் அடக்கிய பசி அல்லவா? விலங்குகள் வெறும் ஓசைக்காக மெல்லவில்லை, உண்மையாகவே உண்டன. ஊர்ந்து வந்த சிறுத்தை திகைத்து நின்றது. ஒரு குரல் எழுந்தால் அது இலக்கு. எட்டுத் திசையிலும் ஓசை எழுந்தால் எதை நோக்கிப் பாய்வது?

ஒயிலி மென்றபடியே செவிகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. எங்கும் ஓசை. செவியனுக்கும் மருதிக்கும் நடுவே ஓரிடத்தில் மட்டும் ஓசை இல்லை.

“அண்ணா, அந்த இடம்,” என்று மெதுவாகச் சொன்னது.

“கேட்கிறது. அதாவது, கேட்கவில்லை,” என்றது உழவன்.

அந்த இடத்தில் யாரோ கிசுகிசுப்பது காதில் விழுந்தது. “ஐயா, உங்கள் இடம் மட்டும் ஊமையாக இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்களும் மெல்லுங்கள்.” அது நயவனின் குரல்.

“எதை மெல்வது?”

“புல்லைத்தான். சுற்றிலும் வேறென்ன இருக்கிறது?”

பிறகு அங்கிருந்து ஒரு புதிய ஓசை எழுந்தது. கிழிக்கும் பல்லைக் கொண்டு புல்லை அரைக்க முயன்றால் என்ன ஓசை வருமோ அந்த ஓசை. சவக். சவக். பிறகு, ‘க்கும்’ என்று ஓர் இருமல். மறுபடி, சவக். பிறகு, தொண்டையில் சிக்கிய புல்லை வெளியே கொண்டுவர, அடிவயிற்றிலிருந்து எழும் நீண்ட குமட்டல்.

“நம் கூட்டத்தில் புல்லைத் தின்று இருமுகிறவர் யார்?” என்று உரக்கக் கேட்டது உழவன்.

எல்லா வாய்களும் ஒரே சமயத்தில் நின்றன. இருமல் மட்டும் நிற்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது ஒவ்வொரு விலங்குக்கும் தெரிந்தது. மறுகணம் புல்வெளி முழுவதும் குளம்போசை. இருமலுக்கு இந்தப் பக்கம் நின்றவை ஓடைக்கும், அந்தப் பக்கம் நின்றவை நாவல் மரத்துக்கும் பாய்ந்தன. மருதியோ தன் தாயின் கறுமுறு எங்கிருந்து கேட்டதோ அங்கே நேராக ஓடிவந்து, ஒயிலியின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது.

“அம்மா, வாயெல்லாம் புல்லாக இருக்கிறது,” என்றது மருதி.

“இருக்கட்டும்,” என்றது ஒயிலி. அதை நக்கிக் கொடுத்துக்கொண்டே, மீண்டும் “இருக்கட்டும்” என்றது.

உழவன் தந்தங்களைத் தாழ்த்திக் கரையில் நின்றது. புல்லை விலக்கிக்கொண்டு சிறுத்தை வெளியே வந்தபோது, அதன் கடைவாயில் ஒரு முழப் புல் தொங்கியது. கண்களில் நீர் வழிந்தது. அது உழவனின் தந்தங்களைப் பார்த்தது. பாய்வதற்கு மூச்சை இழுத்தது. இழுத்த மூச்சு இருமலாகவே வெளியே வந்தது.

“தண்ணீர் வேண்டுமானால் ஓடையின் கீழ்ப்பக்கம் போய்க் குடி,” என்றது உழவன். “இங்கே குழந்தை நிற்கிறாள்.”

சிறுத்தை திரும்பிப் பார்த்தது. பின்னால் நயவன் மெதுவாக நழுவிக்கொண்டிருந்தது.

“கறுமுறுவை நிறுத்தினால் இரையில் பாதி உனக்கு என்று நான் சொன்னேன்,” என்றது சிறுத்தை, இருமல்களுக்கு நடுவே. “நீ எனக்குப் புல் ஊட்டியிருக்கிறாய்.”

“ஐயா, மற்றவர்கள் சுவைத்துத்தானே உண்டார்கள்,” என்றது நயவன். சொல்லி முடிக்குமுன்னரே ஓட்டம் எடுத்தது. சிறுத்தை அதைத் துரத்திக்கொண்டு குன்றைத் தாண்டிச் சென்றது. இருமல் ஓசை நெடுந்தொலைவு வரை கேட்டுத் தேய்ந்தது.

அதன்பின் புல்வெளியில் நடந்தவை இவை. கறுமுறு முன்போலவே வழக்கத்துக்கு வந்தது. உழவனுக்குப் புல்வெளியின் நடுவிடம் ஒதுக்கப்பட்டது. அதை அங்கே அழைத்துவந்த ஒயிலி, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டது. உழவன், “முதலில் மெல்வோம், பிறகு பேசுவோம்” என்று சொல்லிவிட்டது. மேட்டின்மேல் நிற்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. மான்களின் விலா எலும்புகள் மழைக்காலத்துக்குள் மறைந்தன. செவியன் கழுத்துத் தெரியாத அளவுக்குக் கொழுத்தது. ஒயிலி இன்றும் சருகு நொறுங்காமல் நடக்கிறது; நீர் கலங்காமல் குடிக்கிறது; உண்ணும்போது மட்டும் உழவனுக்கு அடுத்தபடியாகப் பேரோசை எழுப்புவது அதுதான். நயவன் எந்தக் காட்டில் இருக்கிறது என்பது தெரியவில்லை. சிறுத்தை மலைக்கு அப்பால் குடியேறிவிட்டது.

நீதி: கூடி வாழ்வோரைக் காக்கும் வழக்கத்தை, அதனால் இழப்பு அடைகிறவனின் ஏளனத்துக்கு நாணிக் கைவிடலாகாது.